ஒன்பதில் ஐந்து

ஒன்பது நாற்காலிகளில் ஐந்தில்
இங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள்தான்
உட்கார வேண்டும்.
விதி அப்படி.
படிப்பு கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை.
எனக்குச் சர்க்கரை இருந்தது,
போதுமான அளவுக்கு மேலேயே.

பெயர் ட்ரீமா லஸ்க்.
மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலை இடுக்கில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மாதத்தின் மூன்றாம் செவ்வாய், மாலை ஆறு மணிக்கு,
டீசல் வாடை போகாத கையோடு வந்து
இந்தச் சுகாதார நிலையத்தை நிர்வகிக்கிறேன்.

பெரிதாய் எதையும் கற்பனை செய்யாதீர்கள்.
சுரங்கக் கம்பெனி விட்டுப்போன மளிகைக் கடை இது.
இறைச்சி வெட்டிய மூலையில்
பல் பிடுங்குகிறோம்.
ஈரம் கூடும் நாட்களில் சுவரில்
பழைய விலைப்பட்டியல் மேலெழுந்து வரும்:
பன்றித் தொடை, பவுண்டு முப்பத்தொன்பது காசு.

வாசலில் ஒரு படிவம் தருவார்கள்.
மாதம் எவ்வளவு வருகிறது,
ஒரே அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்.
அந்த இரண்டு எண்களும் கூடிப் பேசி
உங்கள் கட்டணத்தை முடிவு செய்யும்.
பொய் எழுதுகிறவர்களும் உண்டு,
பெரும்பாலும் வருமானத்தைக் கூட்டித்தான் எழுதுகிறார்கள்.
வருமானம் குறைவு எங்களுக்கு.
மானம் அப்படியில்லை.

போன செவ்வாய்
கையில் பதினோராயிரம் டாலர் மிச்சம் இருந்தது.
ஒன்று, வேனுக்குப் புது கியர்பாக்ஸ்.
அல்லது, பல் மருத்துவத்துக்கு இரண்டாவது நாற்காலி.
கணக்கர் ப்ரூவிட் ஆன்ஸ்லி
தாளை மேசையில் தட்டி நேராக்கிவிட்டுச் சொன்னார்:
"நாற்காலி சம்பாதிக்கும். வேன் சம்பாதிக்காது.
மேலே போய் ஆட்களைக் கூட்டிவரும், அவ்வளவுதான்."

வெர்லின் மல்லின்ஸ் பேச எழுந்தார்.
அவருக்கு முன்னால் இருமல் எழுந்தது.
முப்பத்தோரு வருடக் கரித்தூள்
தன் தரப்பைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தோம்.
குறிப்பெடுக்கும் பையன் என்னைப் பார்த்தான்,
இதையும் எழுதவா என்று.
எழுது என்றேன்.
கடைசியில் வெர்லினிடம் மிஞ்சியிருந்த மூச்சு
மூன்று சொல்லுக்குத்தான் வந்தது:
"நாற்காலி மலை ஏறாது."

ஐந்துக்கு நான்கு. வேன் ஜெயித்தது.
அந்த ஐந்தும் நோயாளிகளின் கைகள் என்று நினைத்தால்
எங்களை உங்களுக்குத் தெரியாது.
ஐந்தாவது கை, ஒரு தும்மலுக்குக்கூட இங்கே வராத
வங்கி மேலாளருடையது.
மார்வெல்லா டோலர் நாற்காலிக்குத்தான் போட்டாள்.
ஒரு கையைத் தூக்கினாள்,
இன்னொரு கை கன்னத்தை விட்டு இறங்கவில்லை.
எட்டு மாதமாய் வரிசையில் இருக்கிறாள்.
அவள் சொன்னதும் நியாயம்தான்.
நியாயங்களுக்குள் ஒன்றை எண்ணித் தோற்கடித்துவிட்டு
விளக்கை அணைத்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை என் டோக்கன் பதினான்கு.
நர்ஸ் லூடி கான்ட்ரெல்
காலுறையைக் கழற்றச் சொன்னாள்.
அவளுடைய சம்பள உயர்வுக்கு
முந்தைய இரவு கையெழுத்துப் போட்டவள்,
கழற்றினேன்.
கண்ணை மூடச் சொன்னாள்.
தூண்டில் நரம்பு போல ஒரு இழை,
அதால் பாதத்தை அங்கங்கே தொடுவாள்,
தெரிந்தால் சொல்ல வேண்டும்.
பெருவிரலில் தெரிந்தது.
குதிகாலில் தெரிந்த மாதிரி இருந்தது.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.
பிரேக் மிதிக்கிற கால்.
பின்னால் முப்பத்தெட்டு பிள்ளைகள் உட்காருகிற கால்.
"தெரிகிறது," என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லை, ட்ரீமா."

கண்ணைத் திறந்தேன்.
அவள் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தாள்.
எழுதாதே என்று சொல்ல
எந்தத் தீர்மானத்திலும் எனக்கு இடமில்லை.

வெளியே கூடத்தில்
இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.
உட்கார இடமில்லை.
மார்வெல்லா இருந்தாள், வீங்கிய கன்னத்தோடு.
என் முகத்தைப் பார்த்தாள்,
அவிழ்ந்து கிடந்த என் காலணிக் கயிற்றைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
பக்கத்து நாற்காலியிலிருந்து
தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.